ஊர் அணிகளும் நம் விளையாட்டுப் படங்களும்: தோல்வியைக் காட்டத் தெரிந்த படங்கள் எவை?

சேப்பாக்கம் ரசிகன்:

ஊர் அணிகளைப் பற்றி ஒரு பக்கம் பேசுகிறோம், விளையாட்டுப் படங்களைப் பற்றி இன்னொரு பக்கம் பேசுகிறோம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஊர் அணியொன்றைப் பின்தொடர்கிறவர் வெற்றியைக் காட்டிலும் தோல்வியைத்தான் அதிகம் பார்த்திருப்பார். அப்படியிருக்க, நம் படங்களில் தோல்வியை நின்று நிதானமாகப் பார்த்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே என்பதும், ஆண்டுகள் கடந்தும் மனத்தில் நிற்பவை அந்தச் சில படங்களே என்பதும் என் கருத்து.

முதலில் என் அணியைச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் கிரிக்கெட் அணி ரஞ்சிக் கோப்பையை இரண்டே முறை வென்றிருக்கிறது. முதல் முறை மதராஸ் என்ற பெயரில் 1954–55இல். அடுத்தது 1987–88இல், வாசுதேவன் தலைமையில், சேப்பாக்கத்தில் ரயில்வே அணியைத் தோற்கடித்து. அதன் பிறகு 2002–03, 2003–04 என்று அடுத்தடுத்த இரு பருவங்களில் இறுதிப் போட்டிவரை போய் மும்பையிடம் தோற்றோம். 2011–12இல் ராஜஸ்தானிடமும் 2014–15இல் கர்நாடகத்திடமும் கோப்பையை விட்டோம். 2023–24இல் சாய் கிஷோர் தலைமையில் அரையிறுதிக்குப் போனபோது இந்த முறை கிடைத்துவிடும் என்று மனப்பூர்வமாக நம்பினேன். மறுபடியும் மும்பையே குறுக்கே நின்றது.

இவற்றுள் 2012 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியை நான் பார்வையாளர் மேடையில் அமர்ந்து பார்த்தேன். ராஜஸ்தான் முதல் இன்னிங்சில் 621 ரன் குவித்தது. தொடக்க ஆட்டக்காரர் வினீத் சக்சேனா மட்டும் 257 ரன் எடுத்தார். ஆட்டம் சமனில் முடிந்தால் முதல் இன்னிங்சில் முன்னிலை பெற்ற அணிக்கே கோப்பை என்பது ரஞ்சி விதி. ஆகவே அவருக்கு அவசரம் எதுவும் இல்லை. முன்காலை நீட்டிப் பந்தைக் காலடியிலேயே அமுக்கிவிட்டு, ஆடுதளத்தை மட்டையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மீண்டும் நின்ற இடத்துக்கே வருவார். மட்டையாளருக்கு மிக அருகே, குறுங்கால் திசையில் குந்தியிருந்த நம் வீரர் ஓவர் முடியும்போதெல்லாம் தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போய்க் குந்துவார். ஆட்டம் முடிய நாட்கள் இருக்கும்போதே முடிவு தெரிந்துவிட்டது. இருந்தும் வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் எழுந்து போகவில்லை. இந்த அனுபவத்தை, அதாவது தோற்றுக்கொண்டிருப்பது தெரிந்தும் உட்கார்ந்திருப்பதை, நம் படம் எதிலும் நான் கண்டதில்லை.

கிரிக்கெட் படங்களில் அதற்கு அருகில் வருவது சுசீந்திரன் இயக்கிய 'ஜீவா'. 2014இல் வந்த அந்தப் படம், திறமை இருந்தும் மாநில அணியின் வாசலில் சாதியின் பெயரால் தடுத்து நிறுத்தப்படும் இளைஞனைப் பேசியது. நாயகனாக நடித்த விஷ்ணு விஷால் உண்மையிலேயே சென்னை லீக் ஆட்டங்களில் ஆடியவர் என்பதால், மட்டையைப் பிடிக்கும் கையில் பொய் இல்லை. 2024இல் வந்த 'ப்ளூ ஸ்டார்', 'லப்பர் பந்து' ஆகிய இரண்டும் அதே கேள்வியை ஊர்க் களத்துக்குக் கொண்டுபோயின: யார் ஆடலாம், யாரை எந்த அணி சேர்த்துக்கொள்ளும்? மற்ற பல படங்களில் கடைசி ஓவர் வருகிறது, கடைசிப் பந்து வருகிறது, பந்து எல்லைக் கோட்டைத் தாண்டுகிறது. அரங்கை விட்டு வெளியே வந்ததும் மறந்துபோகிறது.

மஞ்சள் விசில்:

சேப்பாக்கம் ரசிகன் அவர்களின் முதல் பாதியை ஏற்கிறேன். கடைசிப் பந்தைப் பற்றிய குறையை ஏற்க முடியவில்லை. கடைசிப் பந்தில் ஆட்டம் முடிவது திரைக்கதை எழுதுபவரின் கற்பனைச் சோம்பலைக் காட்டுகிறது என்று விமர்சகர்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவை உண்மையில் நடந்தவை. 2018 மார்ச்சில் கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிராகத் தினேஷ் கார்த்திக் வெறும் 8 பந்துகளில் 29 ரன் எடுத்து, கடைசிப் பந்தை எக்ஸ்ட்ரா கவர் மேல் சிக்சருக்கு அனுப்பினார். 2021 நவம்பர் 22 அன்று சையது முஷ்டாக் அலி கோப்பை இறுதிப் போட்டியில் கர்நாடகத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 5 ரன் தேவைப்பட்டபோது தமிழ்நாட்டு வீரர் ஷாருக் கான் சிக்சர் அடித்தார். 2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டியில் அகமதாபாத்தில் மழை ஓய்ந்த நள்ளிரவில், கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன் தேவை என்ற நிலையில் ஜடேஜா ஒரு சிக்சரும் ஒரு ஃபோரும் அடித்தார். இந்த மூன்றையும் ஒரு படத்தில் வைத்தால் நாமே நம்ப மறுப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகன் வெற்றியை மட்டுமே அறிந்தவன் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஐந்து கோப்பைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் எங்களுக்கு அணியே இல்லை. திரும்பி வந்த 2018இல், காவிரிப் போராட்டத்தின் காரணமாகச் சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு அணி புனேவுக்குப் போனது. அணியைப் பார்க்க ரசிகர்கள் தனி ரயிலில் புனே வரை போனார்கள். 2025இல் பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தோம். அணியே இல்லாத இரண்டு ஆண்டுகளில் ஒரு ரசிகனுக்கு என்ன ஆகிறது என்பதை யாராவது படமாக எடுத்தால் நான் முதல் காட்சிக்கே போவேன்.

வடுவூர்க் களம்:

கிரிக்கெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எங்கள் ஆட்டத்தை யார் பேசுவது என்பதால் எழுதுகிறேன். தமிழ்ப் படங்களில் கிரிக்கெட்டுக்கு அடுத்து அதிகம் வந்தது கபடிதான். 'கில்லி'யின் நாயகன் கபடி வீரன். ஆனால் அந்தப் படத்தில் கபடி, நாயகனை மதுரைக்கு அனுப்பி வைக்கும் காரணம் மட்டுமே. 2009இல் வந்த 'வெண்ணிலா கபடிகுழு'தான் ஊர்க் கபடியை ஊர்க் கபடியாகக் காட்டிய படம். தொடர்ந்து தோற்கும் ஓர் அணி, அந்தத் தோல்வியைக் கேலி செய்யும் ஊர், பஸ் செலவுக்குக் காசு சேர்ப்பது, வெளியூர் போட்டியில் சேர்க்க மாட்டோம் என்று சொல்லும் நிர்வாகிகள் என எல்லாம் நாங்கள் அறிந்தவை. இறுதி ஆட்டத்திலேயே நாயகன் உயிரிழக்கிறான். அந்த முடிவைத் தேவையற்ற சோகம் என்று சொல்பவர்கள் உண்டு. களத்தில் நெஞ்சில் அடிபட்டு விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

என் மனக்குறை வேறு. கபடியின் அழகு முழுவதும் கால்களில் இருக்கிறது, படங்களிலோ கேமரா முகத்திலேயே நிற்கிறது. பாடிப் போகிறவருக்கு முப்பது வினாடி. எதிரே ஆறு அல்லது ஏழு பேர் இருந்தால், கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோடு உண்டு. ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்றும்போது மற்றக் கால் காற்றில் இருக்க வேண்டும். அந்தக் கால் ஊன்றும் கணத்துக்காகத்தான் மூலையில் நிற்கிறவர் காத்திருக்கிறார். அவர் பாடி வருகிறவரின் கண்ணைப் பார்ப்பதே இல்லை, கணுக்காலைத்தான் பார்ப்பார். கை போய்க் கணுக்காலைப் பற்றியதும் பக்கத்தில் கைகோத்து நிற்பவர்கள் சங்கிலியாக விழுந்து அமுக்குவார்கள். இவ்வளவும் இரண்டு வினாடிக்குள் முடிந்துவிடும். படத்தில் இதை மெதுவோட்டத்தில் காட்டி, இடையில் காதலியின் முகத்தையும் தந்தையின் கண்ணீரையும் வெட்டி ஒட்டுகிறார்கள். பிடி எப்படி விழுந்தது என்பது மட்டும் கடைசிவரை தெரிவதில்லை.

2025 அக்டோபரில் வந்த 'பைசன்' இந்தக் குறையைப் பெருமளவு போக்கியது. மணத்தி கணேசன் அவர்களின் வாழ்க்கையைத் தழுவிய படம் அது. 1994இல் ஹிரோஷிமாவில் ஆசியத் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர், அர்ச்சுனா விருது பெற்றவர். ஊரில் வெட்டும் குத்தும் நடந்துகொண்டிருக்கும்போது ஒருவன் பயிற்சிக்குப் போய்த் திரும்புவதே ஓர் ஆட்டம் என்பதைப் படம் காட்டியது. துருவ் விக்ரமின் உடம்பு கபடிக்காரனின் உடம்பாகவே இருந்தது. பாடிப் போகும்போது தோள் தாழ்ந்து இடுப்பு முன்னால் போகிறதே, அது நடிப்புப் பள்ளியில் வராது.

அதே அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடியில் இந்திய அணிகள் தங்கம் வென்றன. பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் ஆண்கள் அணியில் எங்கள் வடுவூர் அபினேஷும் இருந்தார்கள். ஆனால் மாநிலத்தின் பெயரை அணிந்திருக்கும் தமிழ் தலைவாஸ் அணியைப் பாருங்கள். புரோ கபடி லீக்கில் 2017 முதல் ஆடுகிறது. 2022இல்தான் முதன்முறையாக அரையிறுதியைத் தொட்டது. அந்தத் தொடரில் பெரிய தொகைக்கு எடுக்கப்பட்ட பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேறினார், அப்படியும் மற்ற இளைஞர்கள் அணியை இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு மிகவும் பிடித்த பருவம் அதுதான். ஆனாலும் ஒவ்வோர் ஏலத்தின்போதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் ஒருவரையாவது கூடுதலாக எடுக்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறோம். அணிக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தூரத்தையும் ஒரு படம் பேச வேண்டும்.

சேப்பாக்கம் ரசிகன்:

வடுவூர் நண்பர் கணுக்காலைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். மஞ்சள் விசில் நண்பருக்கு என் பதில் இது. கடைசிப் பந்து பொய் என்று நான் சொல்லவில்லை. 2018இல் கார்த்திக் ஆடிய அந்த 8 பந்துகள் நம்மை உலுக்கியதற்குக் காரணம், 2004 முதல் அவர் அணிக்குள் வருவதும் வெளியே போவதுமாக இருந்ததை நாம் பார்த்திருந்தோம் என்பதே. பதினான்கு ஆண்டுகளின் பாரம் அந்தச் சிக்சரில் இருந்தது. படத்தில் அந்தப் பதினான்கு ஆண்டுகளை ஒரே பாட்டில் முடித்துவிட்டுக் கடைசிப் பந்துக்கு மட்டும் பதினைந்து நிமிடம் கொடுக்கிறார்கள். என் மனத்தாங்கல் அதன்மேல்தான்.

வைகைக்கரை:

நான் மதுரையைச் சேர்ந்தவள். பள்ளிக்காலத்தில் கால்பந்து ஆடியவள். 2019ஆம் ஆண்டைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

அந்த ஆண்டு மார்ச்சில், கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது. மே மாதம், எங்கள் மதுரையின் சேது அணி லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்ற கணக்கில் தோற்கடித்து இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில்தான் தமிழ்நாட்டு மகளிர் அணி கட்டாக்கில் மணிப்பூரை வென்று தேசியப் பட்டத்தை முதன்முறையாகக் கொண்டுவந்திருந்தது. மகளிர் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். அந்தத் தேசியப் பட்டத்தை இருபது முறைக்கு மேல் வென்ற மாநிலம் அது. கடலூரிலிருந்து வந்து, காவல்துறையில் பணியாற்றிக்கொண்டே இந்தியாவுக்காக ஆடிய இந்துமதி கதிரேசன் போன்றவர்கள் ஆடிய அணி நம் தமிழ்நாட்டு அணி.

அதே 2019 அக்டோபரில் 'பிகில்' வந்தது. மகளிர் கால்பந்து அணியைப் பற்றி இவ்வளவு பெரிய நட்சத்திரம் நடித்த படம் வருகிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி இருந்தது. அதை இன்றும் மறுக்க மாட்டேன். அமில வீச்சுக்கு ஆளான பெண் மீண்டும் களத்துக்கு வரும் பகுதியில் அரங்கில் என் பக்கத்தில் இருந்த பாட்டி அழுதார். ஆனால் படம் முழுவதும் அந்தப் பெண்கள் பயிற்சியாளரின் கதைக்குள் வந்து போகிறவர்களாகவே இருக்கிறார்கள். ஒரு வீராங்கனைக்கு ஆவேசம் வர வேண்டும் என்பதற்காக அவளுடைய உடல் பருமனைச் சொல்லிப் பயிற்சியாளர் ஏளனம் செய்யும் காட்சியை என்னால் ஏற்கவே முடியவில்லை. எங்கள் பயிற்சியாளர் அப்படி ஒரு சொல் சொல்லியிருந்தால் எங்களில் பாதிப்பேர் மறுநாள் மைதானத்துக்கு வந்திருக்க மாட்டோம்; வீட்டில் ஏற்கெனவே நிறுத்தக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் ஆடும் படங்களில் 'இறுதிச்சுற்று' மேலானது என்று நினைக்கிறேன். சுதா கொங்கரா நாயகி வேடத்துக்கு உண்மையான கிக்பாக்சிங் வீராங்கனையான ரித்திகா சிங்கைத் தேர்ந்தெடுத்தார். அவர் நடக்கும் நடையிலேயே ஆட்டக்காரி தெரிகிறார். 'கனா'வும் பிடித்த படம்தான். குளித்தலைப் பெண் ஒருத்தி ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து பந்து வீசக் கற்றுக்கொள்ளும் முதல் பகுதி, வீட்டு வேலையையும் அக்கம்பக்கத்துப் பேச்சையும் தாண்டி மைதானத்துக்குப் போவதே முதல் போட்டி என்பதைச் சரியாகச் சொன்னது. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றும் பாலினச் சோதனையின் பெயரால் பதக்கத்தை இழந்த புதுக்கோட்டைச் சாந்திக்கு ஏற்பட்ட அவமானத்தை ஒத்த ஒரு கிளைக்கதை 'எதிர்நீச்ச'லில் பயிற்சியாளரின் முன்கதையாக வந்தது. அது கிளைக்கதையாகவே நின்றுவிட்டது என்பதுதான் வருத்தம். தோல்வியைக் காட்டத் தெரிந்த படம் எது என்று நீங்கள் கேட்கிறீர்கள். வென்ற பிறகும் பறிக்கப்பட்ட பெண்ணை முழுப் படமாகக் காட்ட நம்மவர்களுக்கு ஏன் இன்னும் மனம் வரவில்லை?

காசிமேட்டுக்காரன்:

குத்துச்சண்டையை ஒருவரும் எடுக்காததால் நான் எடுக்கிறேன். 'சார்பட்டா பரம்பரை'யின் இரண்டாம் பாதி நீளம் என்று பலரும் சொல்கிறார்கள். என் பார்வையில் அந்தப் படத்தை உயர்த்துவதே அந்த இரண்டாம் பாதிதான். நாயகன் கபிலன், எதிர்ப் பரம்பரையின் வேம்புலியை வீழ்த்தும் நிலையில் இருக்கும்போது ஆட்டம் கலைகிறது; 1976 ஜனவரி இறுதியில் ஆட்சி கலைக்கப்பட்ட செய்தியோடு போலீஸ் உள்ளே வருகிறது, கபிலனின் குருவான ரங்கன் வாத்தியார் கைதாகிறார். வெற்றி கைக்கெட்டிய நேரத்தில் அரசியல் அதைத் தட்டிவிடுகிறது. அதன் பிறகு சாராயம், பெருத்த வயிறு, மனைவி மாரியம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிவது என்று அவன் இறங்கிக்கொண்டே போகிறான். வட சென்னையில் பழைய குத்துச்சண்டைக்காரர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வளர்ந்த எங்களுக்கு, அப்படி இறங்கிப்போனவர்களையும் தெரியும். அவர்களுடைய பெயரைச் சொல்லும்போது குரல் தாழும். அந்த இறக்கத்துக்கு இவ்வளவு நேரம் கொடுத்த இன்னொரு தமிழ்ப் படம் இல்லை.

பீடி ராயப்பனோடு கடற்கரையில் நடக்கும் பயிற்சி வேகமாக முடிந்துவிடுகிறது என்பதை மட்டும் குறையாக ஏற்கிறேன். இறங்க எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதியையாவது ஏறுவதற்கும் கொடுத்திருக்கலாம்.

கால்பந்துக்கும் ஒரு வார்த்தை. சென்னையின் எஃப்சி 2015 ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டியில் கோவாவில் 1–2 என்று பின்தங்கியிருந்து, தொண்ணூறாவது நிமிடத்தில் சமன் செய்து, கூடுதல் நிமிடங்களில் மெண்டோசாவின் கோலால் வென்றதை நினைத்துப் பாருங்கள். 2018இல் பெங்களூருவில் அவர்கள் மைதானத்திலேயே 3–2 என்று வென்றபோது எங்கள் வியாசர்பாடி தனபால் கணேஷ் நடுக்களத்தில் ஆடினார். மைதானமே இல்லாத தெருக்களிலிருந்து தேசிய அணி வரை போனவர் அவர். வியாசர்பாடிப் பிள்ளைகள் படங்களில் பெரும்பாலும் கத்தியோடுதான் வருகிறார்கள். பந்தோடு வரும் பிள்ளையை மையமாக வைத்து அமைதியான ஒரு படம் வேண்டும். அதில் கொலை வேண்டாம், பழிவாங்கலும் வேண்டாம்.

மஞ்சள் விசில்:

காசிமேட்டு அண்ணன் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆனாலும் ஒன்றில் உறுதியாக இருக்கிறேன். வேலை முடிந்து களைத்து வருகிற ஒருவர் அரங்கில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து தன் அணி வெல்வதைப் பார்க்க ஆசைப்படுவதில் பிழை எதுவும் இல்லை. ரஞ்சியில் கிடைக்காததைத் திரையிலாவது கேட்கிறோம். 'சென்னை 600028' வந்தபோது எங்கள் தெருவில் மூன்று அணிகள் புதிதாகத் தோன்றின. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர், சேர்த்து அச்சடித்த பனியன். அந்தப் படம் சமூகச் சிக்கல் எதையும் பேசவில்லை. தெருவில் ஆடுகிறவனுக்கும் ஒரு கதை உண்டு என்றது, அவ்வளவுதான். அதையும் சிறிதென்று தள்ள வேண்டாம்.

சேப்பாக்கம் ரசிகன்:

தள்ளவில்லை, அது எனக்கும் மிகப் பிடித்த படம். விசாலாட்சித் தோட்டத்துப் பையன்கள் ராயபுரத்து அணியை வெறுப்பதும், ராயபுரத்திலிருந்து ஒருவன் தங்கள் பகுதிக்கே குடிவந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பதும் மிக உண்மையானவை. அதைச் சொல்லும்போது, இதுவரை நாம் தொடாத ஒன்று நினைவுக்கு வருகிறது. தோல்வியைக் காட்ட வேண்டுமானால் எதிரணியில் ஒரு மனிதன் இருக்க வேண்டும். நம் படங்களில் பெரும்பாலும் எதிரணி என்பது முறைத்துப் பார்க்கும் பதினொரு முகங்கள்தான். அவர்களிடம் தோற்பதில் அவமானம் மட்டுமே இருக்கும், மரியாதை இருக்காது.

1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் 271 ரன் இலக்கை விரட்டி, முதுகு வலியோடு ஆடிய சச்சின் 136 ரன்னில் ஆட்டமிழந்தபோது 17 ரன் தேவைப்பட்டது. மீதமிருந்த மூன்று விக்கெட்டுகளும் உடனே சரிந்து 12 ரன்னில் தோற்றோம். அரங்கம் சில கணம் பேச்சற்று இருந்தது. பிறகு எழுந்து நின்று, மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. சக்லைன் முஷ்டாக் அந்த ஆட்டத்தில் பத்து விக்கெட் எடுத்திருந்தார். அவர் என்ன செய்தார் என்பது அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆட்டம் தெரிந்த கூட்டத்தால் மட்டுமே அப்படித் தட்ட முடியும்.

நம் படங்களில் அதற்கு இணையாக எனக்குத் தோன்றுபவர்கள் இருவர். ஒருவர் 'சார்பட்டா'வின் டான்சிங் ரோஸ். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடியபடியே களத்துக்குள் வந்து, அடி வாங்கும்போதும் கால் தாளம் தவறாத அந்த மனிதரைக் கபிலன் வெல்கிறான். ஆனால் பார்த்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது ரோஸைத்தான். இன்னொருவர் 'லப்பர் பந்'தின் கெத்து. வயதாகிவிட்ட மட்டையாளர் ஒருவரின் பலவீனம் எந்தப் பந்து என்பதை இளைஞன் ஒருவன் சொல்லிவிடுகிறான், அங்கிருந்து பகை தொடங்குகிறது. அந்தப் பெரியவரின் வீம்பு, மனைவிக்குத் தெரியாமல் ஆடப் போவது, களத்தில் இறங்கியதும் நிமிரும் முதுகு எல்லாவற்றையும் படம் நேசத்தோடு பார்க்கிறது. இவருக்கும் அந்த இளைஞனுக்கும் இடையில் யார் வெல்ல வேண்டும் என்று ஒரு கட்டத்துக்குமேல் நமக்கே முடிவு செய்ய முடிவதில்லை.

வடுவூர் நண்பர் கேட்ட கபடிப் படம், வைகைக்கரை அவர்கள் கேட்ட சாந்தியின் படம், காசிமேட்டு அண்ணன் கேட்ட வியாசர்பாடிப் படம் ஆகிய மூன்றில் எது முதலில் வந்தாலும் மகிழ்வேன். எனக்கென்று ஒன்று கேட்பதானால், ரஞ்சி அணிக்காகப் பத்துப் பருவம் ஆடி, இந்திய அணிக்கு அழைக்கப்படாமலே ஓய்வு பெறும் ஒரு சுழற்பந்து வீச்சாளரின் படத்தைக் கேட்பேன். அணி 621 ரன் கொடுத்த அந்த இன்னிங்சில் அவர் ஐம்பது ஓவருக்கு மேல் வீசியிருக்கட்டும், எதிரே சக்சேனாவைப் போன்ற ஒருவர் முன்காலை நீட்டிக்கொண்டே இருக்கட்டும். அந்த மட்டையாளருக்கும் வீடு, பயம், பிடிவாதம் எல்லாம் கொடுக்க வேண்டும்.